ரேண்டம் தானே, எது வந்தா என்ன?

பொட்டி தட்டுற மக்கள் வாயில அடிக்கடி வர்ற ஒரு வாக்கியம் இருக்கு: "ரேண்டம் தானே மச்சி, எது வந்தா என்ன?"

சி மொழியில எழுதின ஒரு ரேண்டம் எண் நிரலை ஜாவாவுக்கோ, பைத்தானுக்கோ, ஜாவாஸ்கிரிப்டுக்கோ மாத்தி எழுதுறாங்கன்னு வெச்சுக்குங்க. "பழைய நிரல் கொடுத்த எண்ணும் புதுசு கொடுக்குற எண்ணும் ஒத்துப்போகலையே?"ன்னு கேட்டுப் பாருங்க. மேலே சொன்ன பதில்தான் வரும். கூடவே ஒரு சிரிப்பு வேற. மழையில எந்தத் துளி முதல்ல விழுந்துச்சுன்னு நாம கேட்டுட்ட மாதிரி.

எனக்கு இந்த வாக்கியத்தோட தீராத சண்டை. ஊர்ல ஒரு பிள்ளைக்குப் போக வேண்டிய இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துட்டு, "கம்ப்யூட்டர் சொல்லிருச்சு, நாங்க என்ன பண்ண?"ன்னு கையை விரிக்கிற வரைக்கும் நம்மளைக் கூட்டிட்டுப் போற வாக்கியம் இது. எப்படின்னு சொல்றேன். ஆணி புடுங்குற வேலையில இல்லாதவங்களும் பயப்படாமப் படிக்கலாம். பெருக்கலும் வகுத்தல் மீதியும் தெரிஞ்சா போதும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நாம பேசுற ரேண்டம் நிரல் எதையும் குலுக்குறது கிடையாது. அது கணக்குப் போடுது. 1988ல பார்க், மில்லர்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஊர்ல புழங்குற ரேண்டம் நிரல்கள்ல பாதி குப்பை, குறைஞ்சபட்சம் இதையாவது பயன்படுத்துங்கப்பான்னு ஒரு சூத்திரத்தைப் பரிந்துரை பண்ணாங்க. கையில இருக்குற எண்ணை 16807ஆல பெருக்கணும். வந்ததை 2147483647ஆல வகுக்கணும். மீதி என்னவோ அதுதான் அடுத்த எண். அம்புட்டுதேன். ஆரம்பிச்சு வைக்கிற முதல் எண்ணுக்கு விதைன்னு பேரு.

விதையை 1ன்னு வெச்சா வரிசை இப்படிப் போகும்: 16807, 282475249, 1622650073, 984943658... திருச்சுழியில உக்காந்து போட்டாலும் இதேதான், டோக்கியோவுல போட்டாலும் இதேதான். பத்தாயிரமாவது எண் 1043618065. இந்த எண்ணையும் அந்தக் கட்டுரையிலேயே கொடுத்து வெச்சிருக்காங்க. எதுக்கு? இந்தச் சூத்திரத்தை எந்த மொழியில எழுதினாலும் பத்தாயிரம் தடவை ஓடவிட்டு, இந்த எண் வருதான்னு பாத்துக்கத்தான். அப்ப "எது வந்தா என்ன?"ங்கிற கேள்விக்கு 1988லயே பதில் சொல்லியாச்சு. 1043618065 வந்தா சரி, வேற எது வந்தாலும் தப்பு.

இப்ப இதையே ஜாவாவுல அப்படியே வரிக்கு வரி எழுதுவோம். எண்ணை வைக்க "இன்ட்"ங்கிற 32 பிட் டப்பாவை எடுத்துக்குவோம், எல்லாரும் அதைத்தானே எடுக்குறாங்க. முதல் எண் 16807. சரி. ரெண்டாவது 282475249. அதுவும் சரி. மூணாவதுக்குப் பெருக்கினா 4747561509943 வரணும். இது 32 பிட் டப்பாவுக்குள்ள அடங்காது. ஜாவா என்ன செய்யும்? மேல வழியிறதைச் சத்தமில்லாமக் கீழ ஊத்திட்டு மிச்சத்தை மட்டும் வெச்சுக்கும். மூணாவது எண்ணா 1622647863 வரும். வர வேண்டியது 1622650073. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் அஞ்சு இலக்கம் ஒண்ணு. அசதியில பாக்குற கண்ணு "ஆங், ஓகே"ன்னு போயிரும். நாலாவது எண் -1199696159. மைனஸ்! வர வேண்டியது 984943658.

மைனஸைப் பாத்ததும் நம்மாளு முழிச்சுக்குவான்னு நினைக்கிறீங்களா? அதுதான் இல்ல. "மைனஸ் வருதா? மேத் ஏபிஎஸ் போட்டு பிளஸ் ஆக்கு"ம்பான். ஒரு கம்பெனியில (பேரு வேண்டாம்) இதை நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த நிரலைச் சரிபார்த்த பெரியவர் பத்தாயிரம் எண்ணுக்குப் படம் வரைஞ்சு, "நல்லாப் பரவலா இருக்கு, மேல போங்க"ன்னுட்டார். கேட்டதுக்கு அவர் சொன்னதும் அந்த வாக்கியம்தான். ரேண்டம் தானே.

மேத் ஏபிஎஸ்லயும் ஒரு ஓட்டை இருக்கு. ஜாவாவுல -2147483648ஐ அதுக்குள்ள போட்டா பிளஸ்ஸா மாறாது. அதே மைனஸ் எண்ணா வெளிய வரும், ஏன்னா 2147483648ஐ வைக்க அந்த டப்பாவுல இடமில்லை. நோய்க்கு வைத்தியம் பாக்காம மேல சுண்ணாம்பு அடிச்சா இப்படித்தான். சரியான வைத்தியம் ஒரே ஒரு வார்த்தை: "இன்ட்"டுக்குப் பதிலா "லாங்". 64 பிட் டப்பா. பெருக்கல் அடங்கும், மீதி சரியா வரும்.

ஜாவாவோட போச்சான்னா இல்ல. சி மொழியோட தரவரையறையிலேயே எடுத்துக்காட்டா ஒரு ரேண்டம் நிரல் இருக்கு. 1103515245ஆல பெருக்கி, 12345ஐக் கூட்டி, 65536ஆல வகுத்து, அதை 32768ஆல வகுத்த மீதியைக் கொடுக்கும். விதை 1ன்னா வர்ற எண்கள் 16838, 5758, 10113. இதை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டு போவோம். அங்க சாதாரண எண்ணெல்லாம் தசமப் புள்ளி எண்தான். 9007199254740992 வரைக்கும்தான் முழு எண்ணைத் துல்லியமா வைக்கும், அதுக்கு மேல போனா கடைசிப் பிட்டுகளை உருட்டித் தள்ளிரும். ரெண்டாவது பெருக்கலே அந்த எல்லையைத் தாண்டிருது. விளைவு: 16838, 5758, 5087. பழையபடி முதல் ரெண்டும் சரி, மூணாவது போச்சு. 'முதல் ரெண்டைப் பாத்தேன், சரியா இருந்துச்சு'ன்னு சொல்றவன் ரெண்டு மொழியிலயும் ஏமாறுவான். இது ஏதோ ராசி இல்ல. சின்ன விதையில ஆரம்பிச்சா முதல் ஒண்ணு ரெண்டு பெருக்கல் சின்னதா இருக்கும், எண் பெருத்த பிறகுதான் ஓட்டை தெரியும்.

பைத்தான் நேர் எதிர். அங்க முழு எண்ணுக்கு எல்லையே இல்லை. 32 பிட்டுக்கு மேல உள்ளதை நாமதான் வெட்டி விடணும். மேலே சொன்ன நிரலை வெட்டாம அப்படியே எழுதினா பதில் என்னவோ சரியாத்தான் வரும். ஆனா உள்ளே இருக்குற எண் ஒவ்வொரு தடவையும் 30 பிட் வளந்துக்கிட்டே போகும். பத்தாயிரமாவது தடவையில அது சுமார் 90 ஆயிரம் இலக்க எண்ணா இருக்கும். "பைத்தான் ரொம்ப ஸ்லோ பாஸ்"னு அதுக்கு மொழி மேல பழி வேற. வகுத்தலும் கவனம்: சி-யில முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா முழு எண்தான் வரும். பைத்தான் 3ல ஒரே ஒரு சாய்கோடு போட்டா தசமம் வரும், ரெண்டு சாய்கோடு போடணும். மைனஸ் எண்ணோட மீதியும் மாறும்: -7ஐ 3ஆல வகுத்தா சி-யில மீதி -1, பைத்தான்ல 2.

'இதெல்லாம் கத்துக்குட்டிகளோட தப்பு, பெரிய ஆளுங்க பண்ண மாட்டாங்க'ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கதை. நிஜக் கதை.

மெர்சென் ட்விஸ்டர்னு ஒரு ரேண்டம் நிரல். ஜப்பான்காரங்க மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998ல வெளியிட்ட கட்டுரையில வந்தது. உலகம் பூரா பரவினது, பைத்தானோட ரேண்டம் நிரலும் இதுதான். பிஎச்பி மொழியும் இதை எடுத்துக்குச்சு. உள்ளே 624 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். பக்கத்துப் பக்கத்து எண்கள் ரெண்டைக் கலந்து புது எண் செய்வாங்க. அப்படிக் கலக்கும்போது ரெண்டாவது எண்ணோட கடைசிப் பிட்டைப் பாக்கணும். பிஎச்பியில இருந்த நிரல் முதல் எண்ணோட கடைசிப் பிட்டைப் பாத்துச்சு. 'வி' இருக்க வேண்டிய இடத்துல 'யு'. ஒத்தை எழுத்து.

பல வருஷம் இது அப்படியே ஓடுச்சு. உலகத்துல பாதி இணையதளம் பிஎச்பியில ஓடின காலம் அது. யாருக்கும் உறுத்தலை. ஏன்? வந்த எண்கள் பாக்க ரேண்டமாத்தான் இருந்துச்சு! அதே விதையைப் போட்டு மூல நிரலோட எண்களைப் பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல சிக்கியிருக்கும். கடைசியில 2016 டிசம்பர்ல வந்த 7.1 பதிப்புலதான் திருத்தினாங்க. அதுலயும் ஒரு கொடுமை: தப்பான வரிசையை நம்பியே எழுதப்பட்ட நிரல்களுக்காகப் பழைய தப்பை ஒரு தனி விருப்பத் தேர்வா உள்ளேயே வெச்சிருக்க வேண்டியதாப் போச்சு. தப்பைத் திருத்தினாலும் தப்பைக் காப்பாத்தி வெக்க வேண்டிய நிலைமை. "எது வந்தா என்ன?"வோட விலை இது.

இதுல நான் எடுத்துக்குற பாடம் ஒண்ணுதான். ரேண்டம் நிரல்ல தப்பு இருந்தா கண்ணுக்குத் தெரியாது. சம்பளக் கணக்குல தப்பு வந்தா அக்கவுண்டன்ட் கத்துவார். ரயில் டிக்கெட்ல தப்பு வந்தா பயணி கத்துவார். ரேண்டம்ல தப்பு வந்தா கத்துறதுக்கு ஆளே இல்லை, ஏன்னா என்ன வரணும்னே யாருக்கும் தெரியாது. மத்த நிரலைவிட இதைத்தான் பிட்டுக்குப் பிட்டு மூலத்தோட ஒப்பிடணும். நாம தலைகீழாப் பண்றோம். மத்ததை எல்லாம் நாலு தடவை சோதிச்சுட்டு, இதை மட்டும் "ரேண்டம் தானே"ன்னு விட்டுர்றோம்.

இன்னொண்ணு. "சி-யோட ரேண்ட் நிரலைத்தான் மாத்தி எழுதினேன்"னு சொல்றவங்ககிட்ட "எந்த ரேண்ட்?"னு கேளுங்க. விதை 1ன்னு வெச்சு லினக்ஸ்ல கேட்டா முதல் எண் 1804289383. மைக்ரோசாஃப்டோட கம்பைலர்ல கேட்டா 41, அடுத்து 18467. தரவரையறையோட எடுத்துக்காட்டு 16838. ஒரே பேரு, மூணு ஆளு! ஆதார் கார்டு கேக்காம உள்ளே விட்டா இப்படித்தான்.

அதோட ஆபத்து எண்ணோட நிக்கல. லினக்ஸ்ல ரேண்ட் 2147483647 வரைக்கும் கொடுக்கும். மைக்ரோசாஃப்டோடது 32767ஓட நின்னுரும். லினக்ஸ்ல எழுதின ஒரு குலுக்கல் நிரலை ஒரு எழுத்துகூட மாத்தாம விண்டோஸுக்குக் கொண்டு போறீங்க. பட்டியல்ல 50,000 பேர். ரேண்ட் கொடுத்த எண்ணை 50,000ஆல வகுத்து மீதியை எடுத்துப் பேரைக் கூப்பிடுற நிரல். பட்டியல்ல முதல் 32,768 பேருக்குள்ளதான் குலுக்கல் நடக்கும். பின்னாடி இருக்குற 17,232 பேருக்கு உலகம் அழியிற வரைக்கும் சீட்டு விழாது. பட்டியல் அகர வரிசையில இருந்தா இன்னும் விசேஷம். 'அ'னாக்காரன் கொடுத்து வெச்சவன், 'வ', 'ஸ்ரீ'ன்னு ஆரம்பிக்கிற பேருக்காரங்க எல்லாம் அம்போ.

"சரிப்பா, இதனால யாருக்கு என்ன நட்டம்? விளையாட்டுல ரெண்டு எதிரி இடம் மாறி வருவான், அவ்ளோதானே?"

அவ்ளோதானா?

பன்னிரண்டாவது முடிச்சுட்டுப் பொறியியலுக்கு விண்ணப்பம் போட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கணினி ஒரு ரேண்டம் எண் கொடுக்கும். பேப்பர்ல 'சமவாய்ப்பு எண் வெளியீடு'ன்னு போடுவாங்க. கட்-ஆஃப் ஒண்ணா இருந்தா கணித மதிப்பெண் பாப்பாங்க, இயற்பியல் பாப்பாங்க, அப்படியே போய்ப் பிறந்த தேதி பாப்பாங்க. அதுவும் ஒண்ணுன்னா கடைசித் தீர்ப்பு இந்த எண்தான். 2018 வரைக்கும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துச்சு, 2019ல இருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துது. வருஷா வருஷம் லட்சத்துக்கு மேல விண்ணப்பம் வருது. அத்தனை பேர்ல கடைசி வரைக்கும் சமமா நிக்கிறவங்க கொஞ்சப் பேர்தான் இருப்பாங்க. ஆனா அந்தக் கொஞ்சப் பேர்ல ஒருத்தனுக்கு அது கிண்டியா, வேற ஊரான்னு முடிவாகுற விஷயம். திருச்சுழிப் பக்கம் கரிசல்ல மானாவாரி வெள்ளாமை பாக்குற வீட்டுப் பிள்ளைக்கு, கவர்மென்ட் காலேஜா, கடன் வாங்கிப் படிக்கிற காலேஜாங்கிற விஷயம். அங்க போய் "ரேண்டம் தானே"ன்னு சொல்லிப் பாருங்களேன்.

தேர்தலையும் எடுத்துக்குங்க. எங்க திருச்சுழி 2011 தேர்தல்ல இருந்து தனிச் சட்டமன்றத் தொகுதி. எந்த வாக்கு எந்திரம் எந்தத் தொகுதிக்கு, தொகுதிக்குள்ள எந்தச் சாவடிக்குன்னு முடிவு பண்றது கணினிக் குலுக்கல்தான். மாவட்ட அளவுல ஒண்ணு, தொகுதி அளவுல ஒண்ணு. கட்சிக்காரங்களையும் வேட்பாளர்களையும் கூப்பிட்டு வெச்சு, அவங்க முன்னாடி நடத்திப் பட்டியலைக் கையில கொடுப்பாங்க. நல்ல வழக்கம்தான். ஆனா அங்க உக்காந்திருக்கிற கட்சிக்காரர் பாக்குறது ஒரு திரையை. பட்டன் அமுக்குறாங்க, பட்டியல் வருது. பட்டனுக்கும் பட்டியலுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு திரையைப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியுமா?

நம்ம முன்னோர் இந்த விஷயத்துல நம்மளைவிட உஷார். உத்திரமேரூர்க் கல்வெட்டுல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை இருக்கு, 919லயும் 921லயும் வெட்டினது. பள்ளிக்கூடத்துல 'பாரீர், சோழர் கால ஜனநாயகம்'னு பெருமைக்குப் படிச்சுட்டு விட்டுட்டோம். எனக்கு அதுல பிடிச்சது பெருமை இல்ல, சந்தேகம். அந்தக் கல்வெட்டு முழுக்கச் சந்தேகத்தால எழுதப்பட்டது. சபை மொத்தமும் கூடியிருக்கணும். குடத்தை எல்லாரும் பாக்குற மாதிரி மேலே தூக்கிக் காட்டணும். ஓலையை எடுக்கிறது விவரம் அறியாத ஒரு சின்னப் பையன். எடுத்த ஓலையை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். உள்ளங்கையில வேற ஓலையை மறைச்சு வெச்சிருக்கக் கூடாதுல்ல! வாங்கினவர் உரக்க வாசிக்கணும். அப்புறம் அங்க இருக்குற மத்தவங்களும் அதே ஓலையை வாங்கி வாசிக்கணும்.

கடைசி வரியைத் திரும்பப் படிங்க. ஒருத்தர் வாசிச்சா போதாது. அதே ஓலையை இன்னொருத்தரும் வாசிச்சு அதே பேரைச் சொல்லணும்.

ரேண்டம் நிரலை இன்னொரு மொழிக்கு மாத்துறதுங்கிறது அந்த ரெண்டாவது வாசிப்புதான். இதுதான் நான் சொல்ல வந்தது. குலுக்கல் நடத்தினவர் சி-யில நிரல் வெச்சிருக்கார். அதே சூத்திரத்தை, அதே விதையை வெச்சு நான் பைத்தான்ல எழுதிப் பாக்குறேன். அதே பட்டியல் வந்தா குலுக்கல் நேர்மையா நடந்திருக்கு. வராட்டி, ஒண்ணு அவர்கிட்ட தப்பு, இல்லன்னா என்கிட்ட தப்பு. பேசித் தீத்துக்கலாம். ஆனா மாத்தி எழுதுறவன் "எது வந்தா என்ன?"ன்னு எழுதினா, அந்த ரெண்டாவது வாசிப்பே செத்துப்போச்சு. நிஜ மோசடி நடந்தாலும் "உங்க ஜாவா நிரல் வேற மாதிரி வரும்ங்க, ரேண்டம்ல"ன்னு சொல்லித் தப்பிச்சுரலாம்.

இது நடக்காத கனவு இல்ல. இணையத்தோட விதிமுறைகளை எழுதுற ஐஇடிஎஃப் அமைப்பு, தன் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிற குழுவுக்குத் தன்னார்வலர்கள்ல இருந்து ஆள் எடுக்க இந்த வழியைத்தான் வெச்சிருக்கு. ஆர்எஃப்சி 3797, 2004ல வந்தது. முதல்ல பேர்ப் பட்டியலை வெளியிட்டுப் பூட்டிருவாங்க. எதிர்காலத்துல ஒரு குறிப்பிட்ட நாள்ல வரப்போற லாட்டரி முடிவு மாதிரியான, யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத, ஆனா எல்லாருக்கும் தெரிய வரப்போற எண்கள்தான் விதைன்னு முன்னாடியே அறிவிச்சிருவாங்க. நாள் வந்ததும் யார் வேணாலும் கணக்குப் போட்டுக்கலாம். அந்த ஆவணத்துலயே சி மொழியில நிரல் இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச மொழிக்கு மாத்தி எழுதி, அதே பேர்கள் வருதான்னு வீட்டுல உக்காந்தே பாக்கலாம்.

"விதையைச் சொல்லிட்டா முன்கூட்டியே கணிச்சுர மாட்டாங்களா?"ன்னு கேட்டீங்கன்னா, வரிசை முக்கியம். நிரல் முதல்ல, பட்டியலைப் பூட்டுறது அடுத்து, விதை கடைசியில. விதை பிறக்குற நேரத்துல மாத்துறதுக்கு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. ஓடிபி, கடவுச்சொல் மாதிரி ரகசிய விஷயங்களுக்கு இந்தச் சூத்திரம் எதுவுமே ஆகாது, அது வேற கதை. மெர்சென் ட்விஸ்டர் கொடுத்த 624 எண்களைத் தொடர்ந்து பாத்தவன் அடுத்ததை எல்லாம் சொல்லிருவான். அதுக்கு இயங்குதளம் கொடுக்குற வழியைத்தான் பயன்படுத்தணும். நான் பேசுறது ஊரறிய நடக்குற குலுக்கலைப் பத்தி.

"பழைய சூத்திரம் மோசம், மாத்தும்போதே நல்லதாப் போட்டுட்டேன்"னு ஒரு கோஷ்டி உண்டு. நல்லதைப் போடுங்க, வேண்டாம்னு யார் சொன்னா? 20 பேரை வரிசைப்படுத்த மொத்தம் 2432902008176640000 வழி இருக்கு. பார்க்-மில்லர் சூத்திரத்துல விதையே 214 கோடிச் சொச்சம்தான். பெரும்பாலான வரிசைகள் அதுல வரவே வராது. ஆக மாத்த வேண்டியதுதான். ஆனா முதல்ல பழசை அப்படியே கொண்டு வந்து ஒத்துப்போகுதுன்னு காட்டுங்க. அப்புறம் புதுசுக்குப் புதுப் பேர் வெச்சு, ஊரறியச் சொல்லி மாத்துங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா, எது தப்பால வந்த வித்தியாசம், எது திருத்தத்தால வந்த வித்தியாசம்னு ஆண்டவனுக்கே தெரியாது.

"இதையெல்லாம் ஊர்ல எவன் செக் பண்ணப் போறான்?"ங்கிறது கடைசிக் கேள்வி, எனக்கு ரொம்பக் கோபம் வர்ற கேள்வியும் இதுதான். எங்க தெருவுல பொம்பளையாளுக சேந்து போடுற குலுக்குச் சீட்டுல 20 பேர் இருக்காங்க. மாசா மாசம் பேரை எழுதி மடிச்சு சொம்புல போட்டு, தெருவுல போற ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு அப்பத்தாவாவது, "எல்லாப் பேரும் உள்ள கெடக்காடி? எண்ணிப் போட்டியா?"ன்னு கேக்காம இருக்காது. அந்த அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்ல. செக் பண்ணணும்ங்கிற புத்தி ஊருக்கு எப்பவும் இருக்கு. அந்தச் சொம்பைப் புடுங்கி, திரையைக் கொடுத்து, உள்ளே எட்டிப் பாக்க முடியாம பண்ணினது நாமதான். எட்டிப் பாக்கிற வழியையும் நாமதான் திருப்பிக் கொடுக்கணும். தாலுகாவுக்கு ஒரு ஆள் நிரல் எழுதத் தெரிஞ்சவன் இருந்து, நிரலும் விதையும் பொதுவுல இருந்தா போதும். அவன் போட்டுப் பாத்து மத்தவங்களுக்குச் சொல்லிருவான்.

சும்மா புலம்பிட்டுப் போகாம, கேக்க வேண்டியதைக் கேட்டுர்றேன்.

நம்ம ஆளுங்களுக்கு:

1. 'ரேண்ட்'னு எழுதாதீங்க. எந்தச் சூத்திரம், எந்தப் பெருக்கு எண், எந்த வகு எண்னு பேர் சொல்லி எழுதுங்க.

2. முதல் ரெண்டு எண்ணைப் பாத்துட்டு எந்திரிக்காதீங்க. பத்தாயிரம் எண்ணை ரெண்டு மொழியிலயும் கோப்புல எழுதி ஒப்பிடுங்க. பார்க்-மில்லருக்கு விதை 1ன்னா 1043618065. மெர்சென் ட்விஸ்டர் 32 பிட்டுக்கு விதை 5489ன்னா பத்தாயிரமாவது எண் 4123659995. இது சி++ தரவரையறையிலயே இருக்கு.

3. விதைகளையும் மாத்திப் பாருங்க, விளிம்புல இருக்கிறதை முக்கியமா. பார்க்-மில்லருக்கு 0ஐ விதையாக் கொடுத்தா ஆயுசுக்கும் 0தான் வரும்.

4. மைனஸ் வந்தா மூடி மறைக்காதீங்க. அது உங்களைக் கூப்பிட்டுச் சொல்ற தப்பு. இப்படிக் கூப்பிட்டுச் சொல்ற தப்பு இந்தத் தொழில்ல அபூர்வம்.

குலுக்கல் நடத்துற பெரியவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. முடிவை மட்டும் வெளியிட்டா பத்தாது. நிரலை முன்னாடியே வெளியிடுங்க. விதையை எல்லாரும் பாக்க, பட்டியல் பூட்டின பிறகு எடுங்க. தாயக்கட்டையை உருட்டி எடுத்தாக்கூடப் போதும், உருட்டுறது ஒரு சின்னப் பிள்ளையா இருந்தா இன்னும் சிறப்பு.

பதிவுலக மக்களே, உங்க வேலை சுலபம். உங்களுக்குத் தெரிஞ்ச மொழியில, பார்க்-மில்லர் சூத்திரத்தை எழுதிப் பத்தாயிரமாவது எண்ணைப் பின்னூட்டத்துல போடுங்க. எக்செல்லயும் பண்ணலாம், கேல்குலேட்டர்ல பண்றவங்களுக்குத் தனி மரியாதை :) 1043618065 தவிர வேற எண்ணைப் போட்டுட்டு "ரேண்டம் தானே"ன்னு யாராவது சொன்னீங்க, கும்மி நிச்சயம்.